அவள் பக்கத்துத் துணி

பத்தொன்பது வருஷம் நான் துணியின் வலது பாதியைப் பார்த்தேன். இடது பாதியை அவள் பார்த்தாள். நகரியிலிருந்து புத்தூர் போகிற வழியில் இருந்த அந்த மில்லில் எங்கள் வேலை இவ்வளவுதான். தறியிலிருந்து இறங்கின துணியைச் செக்கிங் மெஷினில் ஏற்றுவோம். சாய்வான கண்ணாடிப் பலகை, அடியில் டியூப்லைட், அதன்மேல் துணி மேலிருந்து கீழாக ஓடும். நெடுக ஓடுகிற பாவு அறுந்திருக்கிறதா, குறுக்கே ஓடுகிற ஊடை விடுபட்டிருக்கிறதா, எண்ணெய் தெறித்திருக்கிறதா என்று பார்த்து, காலடியில் இருக்கிற பெடலை மிதித்து நிறுத்தி, அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவளுக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, ஓடுகிற வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சுவருக்கு அந்தப் புறம் தறிக்கூடம். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. மெஷினின் குறுக்கே, எங்கள் இருவருக்கும் முன்னால், ஒரு இரும்புக் குழாய் போகும். அதன்மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நிற்போம். ஒருத்தி விரலால் தட்டினால் இன்னொருத்தியின் உள்ளங்கைக்குத் தெரியும். ஒரு தட்டு என்றால் உன் பக்கம் பார் என்று அர்த்தம். இரண்டு தட்டு, டீக்குப் போகலாம். மூன்று தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். வேலைக்குச் சேர்ந்தவுடன் முதலில் படிந்தது அந்த மூன்று தட்டுத்தான்.

அந்த ஒரு தட்டில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது. அவள் பாதியில் ஒரு குறை என் கண்ணில் பட்டால் நான் பெடலை மிதிக்கக் கூடாது. தட்டுவதோடு என் வேலை சரி. அவளே பார்த்து, அவளே நிறுத்தி, அவள் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். யார் எத்தனை பிடித்தார்கள் என்று மேலே பார்ப்பார்கள் என்பதால், அடுத்தவள் பக்கத்துக் குறைக்குத் தன் ஸ்டிக்கரை ஒட்டுவது அடுத்தவள் இலையில் கை வைத்துத் தின்பது மாதிரி. எந்த ரூல் புத்தகத்திலும் இது எழுதியிருக்கவில்லை. புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் அப்படிச் செய்துவிட்டு ஒரு மாசம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மில்லில் சேர்ந்தது எனக்கு இரண்டே மாசம் முன்னால். சத்தியவேடு பக்கத்துப் பயிர்க்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் தவறிப்போன பிறகு, படுக்கையில் கிடந்த மாமியாரை வைத்துக்கொண்டு அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என் வீட்டில் அவர் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் சித்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் பலகாரம் போகும், பொங்கலுக்கு அவள் வீட்டிலிருந்து வரும். சாப்பாட்டு நேரத்தில் யார் டப்பா யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.

அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டினதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. எல்லாருக்கும் வருவதுதான். எட்ட இருப்பது பளிச்சென்று தெரியும், கிட்ட இருப்பது கலங்கும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸின் போர்டை எங்கள் எல்லாருக்கும் முன்னால் படித்துச் சொல்லிவிடுவாள். சம்பளச் சீட்டைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்தாலும் எழுத்து சேராது. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் ஒரு கண்ணாடி வாங்கினாள். ஆனால் அதைப் போட முடியாது. கண்ணாடி போட்டவளுக்குச் செக்கிங்கில் இடம் இல்லை என்பது சூப்பர்வைசர் வைத்திருந்த சட்டம். உடனே பஞ்சுத் தூசி கூட்டுகிற வேலைக்குத் தள்ளிவிடுவார். அதனால் கண்ணாடி சாப்பாட்டுப் பையின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது.

அப்புறம் இரண்டு வருஷம் அவள் பாதியையும் நான்தான் பார்த்தேன். பெரிய குறைகள் அவளுக்கே தெரியும். ஒற்றை இழை விடுபட்டது, மெல்லிய முடிச்சு, இதெல்லாம் தெரியாது. நான் தட்டுவேன். அவள் குனிந்து, துணியில் விரலை ஓட்டித் தடவிக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். இரண்டு பேர் கண்ணுக்கு ஒரு சம்பளம் வாங்குகிறேன், எனக்கு வாடகை கொடு என்று கேலி செய்வேன். சாயந்திரம் பஸ் ஏறுமுன் ஒரு தோசை வாங்கித் தந்து வாடகை தீர்ந்தது என்பாள்.

இந்த நாட்களில்தான் பக்கத்துக் கூடத்தில் பழைய நாடாத் தறிகளைக் கழற்றிவிட்டு நாடா இல்லாத, வேகமான புதுத் தறிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு தறிக்கு ஒரு ஆள் என்று இருந்தது, பத்துப் பன்னிரண்டு தறிக்கு ஒரு ஆள் என்று ஆனது. தறி ஓட்டின ஆண்கள் திருப்பதி ஓட்டல்களுக்கும், காட்பாடிக்கும், சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சிதறிப் போனார்கள். போகிறவர்களைப் பார்த்து நாங்கள் உச்சுக்கொட்டினோம். கைக்கு மெஷின் வரும், காலுக்கு மெஷின் வரும், கண்ணுக்கு எங்கிருந்து வரும் என்று பேசிக்கொண்டோம். அப்படிச் சொன்னவள் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை, என் வாயில்தான் வந்தது.

கண்ணுக்கும் வந்தது. செக்கிங் மெஷினின் தலைமாட்டில் வரிசையாகக் கேமராக்களைப் பொருத்தினார்கள். அதோடு ஒரு இஞ்சினியர் பெண்ணும் வந்தாள். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி, என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எங்களை அக்கா அக்கா என்று கூப்பிடுவாள். கேமராவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நீங்கள் எப்போதும் போல வேலை செய்யுங்கள், உங்கள் ஸ்டிக்கரைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும் என்றாள். ஆறு மாசம் அப்படி நடந்தது. எண்ணெய்க் கறைக்கும் பஞ்சு அழுக்குக்கும் என்ன வித்தியாசம், பாவு அறுந்தது எப்படி நெடுக ஓடும், ஊடை விடுபட்டது எப்படிக் குறுக்கே நிற்கும் என்று நான் அவளுக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நீங்கள்தான் எனக்கு டீச்சர் என்று ஒருநாள் தெலுங்கில் சொன்னாள். வீட்டுக்குப் போய் அதை நான் இரண்டு தடவை சொன்னேன். பத்தாவது பெயிலானவளை டீச்சர் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஆறு மாசம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். இனி கேமராவே பார்க்கும். அது காட்டுகிற குறை சரிதானா என்று பார்த்துப் பட்டனை அழுத்த ஒரு மெஷினுக்கு ஒருத்தி போதும். நாளைக்கு ஒரு நாள் முழுக்க எல்லாரும் வழக்கம்போலப் பார்க்க வேண்டும், யார் ஸ்டிக்கர் கேமராவோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அவளுக்கு வேலை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வந்தால் முதலில் சேர்ந்தவளுக்கு.

முதலில் சேர்ந்தவள் அவள்.

அன்று சாயந்திரம் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் தெரிந்ததும் போர்டைப் படித்தாள், அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“நாளைக்கும் தட்டுவ இல்லடி?”

“தட்டாம? இன்னாக்கா கேக்கற நீ.”

அப்போது நான் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் நம்புங்கள். அந்த நிமிஷம் தட்டத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் துணியில் இரண்டு குறைக்கு ஒவ்வொரு தட்டுத் தட்டினேன். அவள் குனிந்து தடவி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். இரண்டாவது ஒட்டும்போது எனக்கு மனதில் ஒரு கணக்கு ஓடியது. இப்படியே தட்டிக்கொண்டு போனால் நாங்கள் ஒரே மாதிரி வருவோம். ஒரே மாதிரி வந்தால் அவள் இருப்பாள், நான் போவேன். என் கண்ணை வைத்தே என்னை வெளியே அனுப்புகிறேன் என்று தோன்றியது. மகளின் படிப்பு, அவர் ஆட்டோ, அது இது என்று காரணம் அடுக்கலாம். அவளுக்கும் ஒரு படுக்கைக் கிழவி இருந்தாள். அதனால் காரணம் சொல்ல மாட்டேன்.

டீக்கு முன்னால் அது வந்தது. அவள் பாதியில் ஒரு பாவு அறுந்து ஒற்றைக் கோடாக இறங்கியது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். என் விரல் எழுந்தது. எழுந்த விரலை மடக்கினேன். மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். துணி ஓடிப் போய்விட்டது. அவள் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தமாதிரி இருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நான் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. ஒரு தடவை விட்டுவிட்டால் இரண்டாவது தடவை எளிது. பத்தாவது தடவை மடக்குவதற்கு விரல் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் என் டப்பாவில் அவள் கத்தரிக்காய்க் குழம்பை வழக்கம்போல ஊற்றினாள். நானும் தின்றேன். இறங்கத்தான் இறங்கியது.

சாப்பாட்டுக்கு அப்புறம் என் கண் என் பாதியில் நிற்கவில்லை. அவள் பாதியில் எத்தனை தப்பிப் போகிறது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அப்போது உள்ளங்கையில் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. திடுக்கிட்டு என் பக்கம் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை, பலகையின் முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. பெடலை மிதித்தேன். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். ஒட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பாமலே மறுபடி துணியை ஓடவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். நான் இருக்கிறேன். அவளை யாரும் நிறுத்தவில்லை, வேலை இருக்கும்போது கூப்பிடுவோம் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். கேட் வரைக்கும் கூடப் போனேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்லதாகப் போயிற்று, இரண்டு பேரில் ஒருத்தியாவது உள்ளே இருக்கிறாளே என்றாள். அடுத்த வாரம் காணிப்பாக்கம் போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டாள். முன்னால் இரண்டு தடவை அவளோடு போயிருக்கிறேன், பிரசாதமும் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்று எங்கள் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சரி என்று போய்விட்டாள்.

சர்ச்சிலும் எனக்கு வசதியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சொல்வேன். திருடினவளுக்குத் திருடினேன் என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. விரலை மடக்கினேன் என்பதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது?

கேமராவோடு பதினான்கு மாசம் இருந்தேன். எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் நின்ற காலுக்கு அந்த நாற்காலி சொர்க்கம், வீக்கம்கூட வடிந்தது. திரையில் ஒரு படம் வரும், குறை என்றால் பச்சைப் பட்டன், இல்லை என்றால் சிவப்பு. முன்னால் இரும்புக் குழாய் அப்படியே இருந்தது. பழக்கத்தில் கையை அதன்மேல் வைத்தால் தறியின் அதிர்வு மட்டும் வரும். நான் அழுத்துகிற ஒவ்வொரு பட்டனிலும் அது இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டது. முதலில் மணிக்கு நூறு தடவை என்னைக் கேட்டது. அப்புறம் ஐம்பது. கடைசி மாசங்களில் காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் கேட்கும். பேச்சுத் துணைக்கு ஆள் வைத்தமாதிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருநாள், நாலு மெஷினையும் ஆபீஸில் ஒரே திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டிகிரி படித்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். என்னையும் வேலை இருக்கும்போது கூப்பிடுவோம் என்றார்கள். எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று பார்த்தால், பதினான்கு மாசம் ஒரு நாற்காலி.

இரண்டு மாசம் வேலை தேடினேன். பக்கத்து மில்களிலும் அதே கேமரா. புதுக் கம்பெனிகளின் கேட்டில் வயசைக் கேட்டதுமே போய்வாருங்கள் என்றார்கள். சிறுவயதுப் பெண்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், அவர்களுக்குத்தான் அழைப்பு. தெரிந்தவர்கள் மூலம் அவளுக்கு விஷயம் போயிருக்கிறது. அவளே போன் செய்தாள். மாமியார் போன பிறகு திருப்பதிக்கு வந்துவிட்டேன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை, துணி அறையில் இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வா என்றாள். போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. அவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். வேலை கிடைத்திருக்கிறது என்றேன்.

ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி, திருப்பதியில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலிலேயே நின்றிருந்தாள். கூட்டத்தில் நான் அவளைத் தேடுவதற்குள் அவள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்கியது. லாட்ஜில் கண்ணாடி போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். இதைச் சொல்லி அவளே சிரித்தாள்.

துணி அறை இரண்டாவது மாடியில். மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் படுத்து எழுந்த விரிப்புகள் வெளுத்து வந்து மலையாகக் கிடந்தன. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். கிழிசல், கறை இருந்தால் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்து இரும்பு மேஜைமேல் அடுக்க வேண்டும். அதே வெள்ளைத் துணி. இங்கே லாட்ஜ்காரர் காசுக்குத் தகுந்த கேமரா இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது முனையைப் பிடித்தாள். நான் கேட்காமலே வலது முனைக்குப் போனேன்.

நாலைந்து விரிப்பு மடித்திருப்போம். இங்கே சத்தமே இல்லை, வாயால் சொல்லலாம். ஆனாலும் அவள் மேஜையின்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். என் முனையில் மஞ்சள் கறை ஒன்று இருந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. விரிப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

“அக்கா, அன்னிக்கி ஒன் பக்கம் பாவு அறுந்து வந்திச்சி. நான் பாத்தேன். தட்டல. அதுக்கப்புறம் எதுக்குமே தட்டல.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அது கயிற்றில் தொங்கியது.

“தெரியும்டி.”

எப்படித் தெரியும் என்பதையும் அவளே சொன்னாள்.

“கிட்ட ஓடற துணிதான் எனக்குத் தெரியாது. அந்தாண்ட கீற ஒன் கை எப்பவுமே நல்லாத் தெரியும். விரலத் தூக்கன. அப்புறம் மடக்கிக்கின. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போர்டைப் படிக்கிறமாதிரி சொன்னாள். எனக்கு அன்றைய நாள் முழுக்க ஒருமுறை மனதில் ஓடியது. நான் விரலை மடக்கினது டீக்கு முன்னால். எண்ணெய்க் கறைக்கு அவள் தட்டினது சாப்பாட்டுக்கு அப்புறம். நடுவில் என் டப்பாவில் குழம்பு ஊற்றியிருக்கிறாள். எல்லாம் தெரிந்த பிறகுதான் ஊற்றியிருக்கிறாள், எல்லாம் தெரிந்த பிறகுதான் தட்டியிருக்கிறாள்.

“தெரிஞ்சும் ஏன்கா எனக்குத் தட்டுன?”

“அது ஒன் பக்கத்துக் குறை. பாத்துட்டுத் தட்டாம இருப்பாங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது போலிருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அடுத்த விரிப்பை எடுத்து என் முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். வெளிச்சத்தில் விரித்தோம். அந்த விரிப்பில் என்ன குறை இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள்தான் பார்த்துச் சொன்னாள்.